ஐஸில் நின்ற நேரம்

குருநகர் ஐஸ் கொம்பனியில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
கட்டி ஒன்று ஐம்பது கிலோ.
உமி வேறு, ஏற்றுக்கூலி வேறு.

விடிய ஐந்தரைக்குக் கூலர்க்காரர் வந்து நிற்க
கனடாவில் அப்போதுதான்
இரவு ஏழு மணி ஆட்டம் தொடங்கும்.
பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் போனைச் சாத்திவைத்து
சித்தப்பாவின் மகனைப் பார்ப்பேன்.

றெஜினோல்ட் என்று பெயர்.
முதுகில் இருப்பது தகப்பன் பெயர், ஸ்தனிஸ்லாஸ்பிள்ளை,
இங்கிலீசில் பதினாறு எழுத்து,
ஒரு கமக்கட்டில் தொடங்கி மற்றக் கமக்கட்டில் முடியும்.
வர்ணனைக்காரன் பாதி வழியில் மூச்சு முட்டி
‘ஸ்ரான்’ என்று நிறுத்திக்கொள்வான்.

கோல் அடிக்கிறவன் இல்லை.
கோல் அடிக்கிறவனை ஆரும் தொட்டால்
தொட்டவனுக்கு அடிக்கிறவன்.
கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் அடிக்கவேணும்,
அது ஒரு மரியாதை.
‘அதுக்குச் சம்பளமோ?’ என்றார் சம்மாட்டி எமிலியாம்பிள்ளை.
‘இஞ்ச சும்மாவெல்லோ அடிபடுறாங்கள்.’

அடித்தபின் ஐந்து நிமிஷம்
கண்ணாடிப் பெட்டிக்குள் இருத்திவைப்பார்கள்.
விலை படியாத பாரை மாதிரி
வாய் அரைவாசி திறந்தபடி இருப்பான்.

பதினொரு சீசன். எல்லாம் சின்ன லீக்.
இரவு முழுக்க பஸ்,
பெயர்ப்பலகையைப் பனி மூடிய ஊர்கள்,
பின்சீற்றில் முழங்காலுக்கு ஐஸ் பை.
ஒன்பது கோல்.
பெட்டிக்குள் ஆயிரத்து எண்ணூற்று எழுபது நிமிஷம்;
பிரித்துப் பார்த்தேன், முப்பத்தொரு மணித்தியாலம் சொச்சம்.
பெரிய லீக்கில் மூன்றே ஆட்டம்.
அவர்களும் கணக்கு எழுதுகிறார்கள்,
‘ஐஸில் நின்ற நேரம்’ என்று ஒரு நிரல் இருக்கிறது:
பதினொரு நிமிஷம், நாற்பது செக்கன்.
மூன்றையும் இறக்கி வைத்திருக்கிறேன்.

சித்தப்பா எண்பத்து நாலு வரைக்கும்
இதே கொம்பனியில் கொளுக்கி போட்டுக் கட்டி இழுத்தவர்.
மகன் ஐந்து வயதில் கத்தி பூட்டின சப்பாத்தோடு ஏற
‘ஐஸ் மீனுக்கடா,
மனுசர் நிக்கிற இடமில்லை’ என்றாராம்.
பிறகு இரண்டு வேலை பார்த்து
அந்தச் சப்பாத்துக்கே காசு கட்டினார்.
ஓர் ஆட்டமும் முழுதாகப் பார்த்ததில்லை.
கையுறை விழுந்தால்
சிகரெட்டோடு வெளியே போய்விடுவார்.

இந்த ஆவணியில் வந்தான்.
முப்பத்தொன்பது வயது.
முன்பல் மூன்று கழற்றி வைக்கலாம்.
மூக்கு பாசையூர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது.
ஆட்களின் பெயரைச் சின்னக் கொப்பியில் எழுதிவைக்கிறான்.
என் பெயருக்குப் பக்கத்தில் ‘ஐஸ்’.

தொட்டிப் பலகையைத் தூக்கி
உப்புத் தண்ணீரில் கான்கள் உறைவதைக் காட்டினேன்.
அமோனியா மணத்துக்கு முகம் சுளிக்கவில்லை.
கட்டியின் நடுவைத் தொட்டு,
‘வெள்ளையா இருக்கு, காத்து.
சுடுதண்ணி ஊத்தினாத்தான் கண்ணாடி மாதிரி வரும்’ என்றான்.
இருபது வருஷ மெக்கானிக் நேசராசா
ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாள் ஒரு கானுக்குக் கொதிதண்ணீர் ஊற்றினான்.
வந்தது. அந்தப் பக்கம் வைத்த பேனை தெரிந்தது.
சம்மாட்டி மட்டும் ஏற்ற வேண்டாம் என்றார்,
ஐஸ் மாதிரி இல்லையாம்.

அன்று மூன்றாவது ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன்.
கையுறை விழுந்தது.
போனை மூக்குவரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தான்.
‘மற்றவன் ஆர்?’
பெயர் சொன்னேன்.
கொப்பியில் எழுதினான், எழுத்துக்கூட்டிக் கேட்டு.
‘வெண்டது ஆர்?’

வெளியே லொறி ஹோர்ன் அடித்தது.
எட்டுக் கட்டி, உமி இல்லாமல்.
பேனையைத் தேடினேன்,
அவன் கையில் இருந்தது.